பெரியவன் கட்டத்தில் ஐந்து சொற்கள்

புதுச்சேரியில் குழந்தைகள் மருத்துவர் என் நோட்டைக் கையில் எடுத்தபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. என் இரட்டைப் பிள்ளைகளுக்கு அப்போது இரண்டு வயது இரண்டு மாதம். சின்னவன் மூன்று நான்கு சொற்களைச் சேர்த்து, ஓயாமல் பேசிக்கொண்டிருந்தான். பெரியவன் ஒரு சொல்கூடப் பேசவில்லை. அதைக் காட்டத்தான் நெய்வேலியிலிருந்து போயிருந்தோம். எப்போது கவிழ்ந்தான், எப்போது உட்கார்ந்தான் என்று மருத்துவர் கேட்க ஆரம்பித்ததும், பையிலிருந்து நீள நோட்டை எடுத்து மேசைமேல் வைத்தேன். பக்கத்துக்குப் பக்கம் தேதி, மணி, பெரியவன், சின்னவன் என்று நான்கு கட்டங்கள். எல்லாக் கோடும் அடிக்கோல் வைத்துப் போட்டவை.

"பரவாயில்லையே. இப்படி யாரும் கொண்டுவந்ததில்லை" என்றார் அவர். வேகமாகப் புரட்டிக்கொண்டு போனவர் ஒரு பக்கத்தில் நின்றார். திரும்ப முதலிலிருந்து புரட்டினார். அதே பக்கத்தில் மறுபடியும் நின்றார்.

"பதின்மூணு மாசத்துல பெரியவன் 'காக்கா'ன்னு சொன்னான்னு எழுதியிருக்கீங்க."

"ஆமாங்க."

"அப்புறம் தண்ணி. டாட்டா. பூ. பதினஞ்சாம் மாசம் 'தா'. அஞ்சு வார்த்தை."

"ஆமாங்க."

"இப்போ இதுல ஒண்ணும் சொல்றதில்லையா? எப்ப நிறுத்தினான்?"

அந்தக் கேள்வியை அதுவரை நான் என்னிடமே கேட்டிருக்கவில்லை. முதலில் பெரியவன் ஆரம்பித்தான், பிறகு தம்பி முந்திக்கொண்டான், அதனால் இவன் அடங்கிவிட்டான் என்று ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அதைச் சொன்னேன். மருத்துவர் நோட்டை மூடவில்லை. கையை அந்தப் பக்கத்தின்மேல் வைத்துக்கொண்டு, "பேச்சு வர லேட்டாகிறது ஒரு விஷயம். நிறைய பிள்ளைங்களுக்கு அப்படித்தான். வந்த பேச்சு போறது வேற விஷயம். போயிருந்தா நான் வேற மாதிரி யோசிக்கணும்" என்றார்.

வேற மாதிரி என்றால் என்ன என்று என் கணவர் கேட்டார். இப்போதே அதற்குப் போக வேண்டாம் என்றார். காது சோதனைக்கு எழுதிக்கொடுத்தார். மூன்று வாரம் கழித்து வரச் சொன்னார். இந்த ஐந்து சொற்களையும் கடைசியாக எப்போது கேட்டீர்கள் என்று யோசித்து எழுதிக்கொண்டு வாருங்கள் என்றார்.

திரும்பும்போது பண்ருட்டியில் பஸ் மாற வேண்டியிருந்தது. முந்திரிப் பொட்டலக்காரர்கள் ஜன்னல் ஜன்னலாக வந்து போனார்கள். சின்னவன் என் மடியில் நின்றுகொண்டு, "அந்த பஸ் பச்ச பஸ்" என்று ஆறு தடவை சொன்னான். பெரியவன் அவன் அப்பாவின் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தான். நான் அவன் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நோட்டைக் காட்டாம இருந்திருக்கலாம்" என்றார் கணவர்.

"காட்டலைன்னா நடந்தது இல்லைன்னு ஆயிடுமா?"

"அவன் பேசினதைவிட உன் நோட்டு பேசினதுதான் ஜாஸ்தி."



எனக்கு எழுதாமல் இருக்கத் தெரியாது. சுரங்கத்தின் டைம் ஆபீஸில் பத்தொன்பது வருடமாக அதுதான் என் வேலை. எந்த ஆள் எந்த ஷிப்டுக்கு வந்தார், யார் யாரோடு ஷிப்ட் மாற்றிக்கொண்டார், யார் வரவில்லை என்று பதிவேட்டில் ஏற்ற வேண்டும். ஒரு வரி இடம் மாறினால் ஒருவர் உழைத்த நாள் இன்னொருவர் பேரில் போய்விடும். கல்யாணமாகிப் பதின்மூன்று வருடம் கழித்து, என் நாற்பத்தொன்றாம் வயதில், தானே புயல் அடித்து ஏழாம் மாதம் இவர்கள் பிறந்தார்கள். ஆபரேஷன். இரண்டு நிமிட வித்தியாசம். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்த அன்றே நோட்டுக்குக் கோடு போட்டுவிட்டேன். இரண்டு பேரும் ஒரே அச்சு. சின்னவனுக்குப் பிடரியில் மிளகு அளவுக்கு ஒரு மச்சம். அது ஒன்றுதான் அடையாளம்.

ஆறாம் மாதம் நான் வேலைக்குத் திரும்பியபோது, பக்கத்து ஊரான வடக்குத்திலிருந்து ஓர் அக்கா பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வந்தார். ஐம்பது வயதிருக்கும். என் கணவருக்குச் சுரங்கத்தில், கரி கொண்டுபோகும் கன்வேயரில் ஷிப்ட் வேலை. பகலில் வீட்டில் இருந்தாலும் தூங்கிக்கொண்டிருப்பார். ஆகவே எட்டு மணியிலிருந்து ஐந்தேகால்வரை பிள்ளைகள் முழுக்க அந்த அக்காவின் பொறுப்பு. நான் சைக்கிளை உள்ளே தள்ளும்போதே அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கேட்டருகில் நிற்பார். ஐந்தரைக்கு அவருக்கு மினி பஸ். அந்த இரண்டு நிமிடத்தில் அன்றைய சங்கதி எல்லாம் வந்து விழும்.

"யம்மா, பெருசு இன்னைக்கு காக்கான்னிச்சி. சிறுசு கஞ்சி குடிக்கல. நாப்பி துணி கொடியில கீது. வரட்டா, பஸ்ஸு பூடும்."

நான் கைகூடக் கழுவாமல் உள்ளே போய் எழுதிவிடுவேன். பெருசு என்றால் பெரியவன் கட்டம், சிறுசு என்றால் சின்னவன் கட்டம். இப்படிப் பத்து மாதம். பிள்ளைகளுக்குப் பதினாறு மாதம் ஆனபோது டவுன்ஷிப்பிலேயே துப்புரவுக் கான்ட்ராக்டில் வேலை கிடைத்து அவர் நின்றுவிட்டார். பிள்ளைகளை அடுத்த பிளாக்கில் இருந்த ஒரு காப்பகத்தில் விட்டேன். பெரியவன் பேசவில்லை என்பது எங்களுக்கு உறைக்க ஆரம்பித்தது அதற்கெல்லாம் பிறகுதான்.

முதல் வாரம் முழுக்க நான் ஒரு இடத்தில் உட்கார்ந்ததாக நினைவில்லை. பெரியவனுக்குப் பின்னால் போய் நின்று சில்வர் டம்ளர்களைத் தட்டினேன். தட்டியவுடன் இரண்டு பேரும் ஒன்றாகத் திரும்பினார்கள். சின்னவன் சத்தம் கேட்டுத் திரும்பியதைப் பார்த்துப் பெரியவன் திரும்பினானா, தானே கேட்டுத் திரும்பினானா? சின்னவனைப் பின்கட்டில் விட்டுக் கதவைச் சாத்திவிட்டு மறுபடி தட்டினேன். சின்னவன் கதவை உதைத்துக் கத்தியதில் டம்ளர் சத்தம் எனக்கே கேட்கவில்லை. மதிலில் காக்கா வந்து உட்கார்ந்தபோதெல்லாம் பெரியவனைத் தூக்கிக்கொண்டு ஓடி, "இது என்ன? இது என்ன?" என்று கேட்டேன். அவன் காக்காவைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். என் மூக்கைத் தொட்டான். கூடவே ஓடிவந்த சின்னவன், "காக்கா! காக்கா! தெரியாதாம்மா?" என்றான்.

அந்த வாரம் ஆபீஸில், நைட் ஷிப்டுக்கு வந்த ஒருவருக்கு வரவில்லை என்று போட்டுவிட்டேன். அவர் ஜன்னலில் வந்து நின்றார். "என்னா மேடம், ராத்திரி பூரா மண்ணு தின்னுட்டு வந்திருக்கேன், என்னைய வீட்லயே படுக்கப் போட்டுட்டீங்க?" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். திருத்திக் கையெழுத்துப் போட்டேன். பத்தொன்பது வருடத்தில் அதுதான் முதல் தடவை. அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்ததில் அடுத்த ஆள் சொன்னது காதில் விழவில்லை, மறுபடி கேட்க வேண்டியிருந்தது.

காது சோதனையைக் கடலூரில் எடுத்தோம். காதில் ஒரு குறையும் இல்லை என்றார்கள். எனக்கு அது இன்னும் கலக்கத்தைத்தான் தந்தது. காது நன்றாக இருக்கிறது என்றால் சொற்கள் எங்கே போயின?

அந்த அக்காவுக்கு போன் செய்தேன். நோட்டை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியாகக் கேட்டேன்.

"அக்கா, காக்கான்னு சொன்னது யாருன்னு ஞாபகம் இருக்கா?"

"ஏன் இல்லாம? பெருசுதான். தொவைக்கிற கல்லு மேல காக்கா குந்திகினு இருந்திச்சி. நான் சோறு ஊட்டிகினு இருந்தேன். கைய நீட்டி காக்கான்னிச்சி. அன்னைக்கே சொன்னனே."

"தண்ணி?"

"அதுவும் பெருசு."

"பூ? டாட்டா?"

"எல்லாம் பெருசுதாம்மா. சிறுசு அப்ப எங்க பேசிச்சி? சிறுசுக்கு காலுதான் ஓடிச்சி. நடந்ததெல்லாம் சிறுசு மொதல்ல. வாயி மட்டும் தொறக்கல."

நோட்டில் அப்படியேதான் இருந்தது. பதினொன்றரை மாதத்தில், சின்னவன் கட்டத்தில்: 'பிடிக்காமல் பதினொரு அடி நடந்தான்.' பெரியவன் நடந்தது பன்னிரண்டரை மாதத்தில். ஒரு வரிகூட முரண்படவில்லை. எங்காவது அவர் தடுமாற மாட்டாரா என்று எதிர்பார்த்துத்தான் கேட்டேன் என்று போனை வைத்த பிறகு புரிந்தது.

கணவரிடம் சொன்னேன். காலை ஷிப்ட் முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையிலிருந்த உருண்டையைத் தட்டிலேயே வைத்தார்.

"பசங்களை அந்தக்காகிட்ட ஒரு தடவை கூட்டிட்டுப் போவோமா? பழகின மூஞ்சி. பார்த்தா ஏதாச்சும் வாயில வந்தாலும் வரும்."

அதில் அர்த்தம் இருக்கிறதா என்று தெரியவில்லை. ஆனால் எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரில் நான்கு பேரும் வடக்குத்துக்குப் போனோம். சின்னவன் முன்னால் நின்றுகொண்டான். பெரியவன் எங்கள் இருவருக்கும் நடுவில். வழி முழுக்க அவன் காதில், "காக்கா, தண்ணி, டாட்டா, பூ, தா" என்று சொல்லிக்கொண்டே போனேன்.

அக்கா வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார். நான் பெரியவனை இறக்கி அவர் முன்னால் நிறுத்தினேன். அவர் அவனைத் தாண்டிப் போய் ஸ்கூட்டரிலிருந்து சின்னவனைத் தூக்கினார்.

"அட என் பெருசே! எம்மாம் ஒசரம் ஆயிட்ட!"

எனக்கு அந்த அவசரத்திலும் சிறிய எரிச்சல் வந்தது. வேலையில் இருந்த நாட்களிலும் ஒன்றிரண்டு முறை இப்படி மாற்றிச் சொல்லியிருக்கிறார். பாவம், அவருக்கு அடையாளம் பிடிபடவில்லை என்று நினைத்துக்கொண்டு திருத்தாமல் விட்டிருக்கிறேன்.

"அக்கா, அது சின்னவன்."

"ஆருக்கு சொல்றீங்க? பத்து மாசம் இடுப்புல வச்சிகினு இருந்தவ நானு." பிள்ளையின் தலையைக் குனிய வைத்துப் பிடரியைக் காட்டினார். "பாருங்க, மச்சம். இதான் பெருசு."

"மச்சம் சின்னவனுக்குத்தான்க்கா."

"அதத்தான் நானும் சொல்றேன். மச்சம் கீறது பெருசு."

கணவர் ஸ்கூட்டரை ஸ்டாண்டில் போடாமல் பிடித்துக்கொண்டே எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அக்கா, மச்சம் இருக்கறவன் ரெண்டாவது பொறந்தவன்" என்றேன் மெதுவாக.

"ஆமா. மொத நாளே நீங்கதான் சொன்னீங்க, மச்சம் கீறது ரெண்டாவதா வந்ததுன்னு. அதனாலதான் அது பெருசு. பின்னாடி வர்றதுதானம்மா பெருசு?"

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, படிக்காத ஒரு பிள்ளைக்குப் பாடம் சொல்வதுபோல ஆரம்பித்தார்.

"மைன்ஸ் பஸ்ஸுல மொத ஸ்டாப்புல ஏறினவன் எங்க குந்துவான்?"

"உள்ள போய் உக்காருவான்" என்றார் கணவர்.

"கடைசி ஸ்டாப்புல ஏறினவன்?"

"படிகிட்ட நிப்பான்."

"சொரங்கத்துல பஸ்ஸு நின்னா மொதல்ல எறங்கறது ஆரு?"

"படிகிட்ட நின்னவன்."

"அப்ப மொதல்ல ஏறினது ஆரு? கடைசில எறங்கினவன்தானே? அவன்தான் பெருசு."

"இது ஆபரேஷன்க்கா" என்றார் கணவர், அவருக்குச் சிரிப்பு வர ஆரம்பித்திருந்தது. "படி வழியா எறங்கல."

"கண்ணாடிய ஒடச்சி எறக்கினாலும் கிட்ட நிக்கறவனத்தான மொதல்ல எறக்குவாங்க?"

கணவர் ஸ்கூட்டரை ஸ்டாண்டில் போட்டுவிட்டுச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். அக்காவும் சிரித்தார். சின்னவன் காரணம் தெரியாமல் கைதட்டினான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அலசிய துணிகளுக்கு நடுவில் இருந்த கல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

"அப்போ காக்கான்னு சொன்னது..."

"இவந்தான்" என்று இடுப்பிலிருந்த சின்னவனைத் தட்டினார். கீழே நின்ற பெரியவனைக் காட்டி, "இது எப்பம்மா பேசிச்சி? இது நடந்திச்சி. தண்டவாளம் போட்டாப்புல நேரா நடந்திச்சி" என்றார்.

இழப்பதற்கு அவனிடம் ஒன்றுமே இருக்கவில்லை. அவன் ஒரு சொல்லும் பேசியிருக்கவில்லை, ஆகவே ஒரு சொல்லும் போகவில்லை. அக்கா குடிக்கக் கொண்டுவந்த மோரை ஒரே மூச்சில் குடித்தேன்.

வழியில் கணவர் ஸ்கூட்டரை ஓட்டியபடியே, "எங்க ஊர்ப் பக்கமும் அப்படித்தான் சொல்வாங்க" என்றார்.

"அதை ஏன் நீங்க என்கிட்ட சொல்லலை?"

"நீ எப்பக் கேட்ட?"

ஆறுதல் வீடு போய்ச் சேரும்வரைதான் இருந்தது. நோட்டை எடுத்ததும் அது போய்விட்டது. பெரியவன், சின்னவன் என்று இருக்கும் வரிகளில் எது அக்கா சொன்னது, எது நான் பார்த்தது, எது கணவர் சொன்னது? ஆபீஸில் ஒவ்வொரு வரிக்கும் எதிரில் சின்னக் கையெழுத்து இருக்கும். யார் சொல்லி எழுதினோம் என்பதற்கு அதுதான் சாட்சி. வீட்டு நோட்டில் அந்தக் கட்டத்தை நான் போடவே இல்லை. என் பிள்ளைகளைப் பற்றி எழுத யாரிடம் சாட்சி வாங்க வேண்டும் என்று அன்று நினைத்திருக்க வேண்டும்.

மணியைப் பார்த்துப் பிரித்தேன். வேலை நாளில், எட்டுக்கும் ஐந்தேகாலுக்கும் இடையில் நடந்தவை அக்கா சொன்னவை. அவற்றுக்குச் சிவப்பு மையில் அம்புக்குறி போட்டுக் கட்டம் மாற்றினேன். காக்கா, தண்ணி, டாட்டா, பூ நான்கும் சின்னவனுக்குப் போயின. பதினொரு அடி நடந்தது பெரியவனுக்கு வந்தது.

அந்த வரிக்கு அடுத்து, அன்று மாலை ஆறு மணிக்கு நானே எழுதியது ஒன்று இருந்தது. 'சின்னவனை நிறுத்தி வைத்துக் கூப்பிட்டேன். என் முன்னால் நடக்க மாட்டேன் என்கிறான். உட்கார்ந்துவிடுகிறான். கூச்சம்.' அக்கா சொன்னதைக் கேட்டு ஆசையாக ஓடிப்போய், நடக்கத் தெரியாத பிள்ளையை நிறுத்திவைத்து, வா வா என்று கூப்பிட்டிருக்கிறேன். நடந்த பிள்ளை அந்த நேரம் என்ன செய்துகொண்டிருந்தான்? அதை நான் எழுதவில்லை. அடுத்த நாள் சின்னவனுக்கு மட்டும் பீப்பீ செருப்பு வாங்கி வந்ததை எழுதியிருக்கிறேன். பெரியவன் அதைப் பிடுங்கித் தன் காலில் மாட்டப் பார்த்தான், பிடிவாதம் கூடுகிறது என்றும் எழுதியிருக்கிறேன்.

அதற்கு எப்படி அம்புக்குறி போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. எழுந்து போய்த் தூங்கிக்கொண்டிருந்தவனின் பாதங்களைப் பார்த்துவிட்டு வந்தேன். மறுபடி உட்கார்ந்தேன். மறுபடி எழுந்தேன். "உனக்கு என்னதான் வேணும்? நல்ல சேதிதானே வந்திருக்கு" என்று கணவர் சலித்துக்கொண்டார்.

இன்னொன்றும் இருந்தது. ஐந்தாவது சொல், 'தா'. அது அக்கா சொன்னதல்ல. ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது இருபதுக்கு நானே எழுதியது. 'பெரியவன் பிஸ்கட்டுக்குக் கை நீட்டி, தா என்றான்.' பெரியவன் என்று நான் எழுதினால் அது மச்சம் இல்லாதவன்தான். ஆனால் பிடரியைப் பார்த்தேனா? அடுப்படியில் நின்றுகொண்டு குரலை மட்டும் கேட்டுவிட்டு, பேசுகிற பிள்ளை பெரியவன்தானே என்று நானே பேர் போட்டேனா? எத்தனை முறை யோசித்தாலும் அந்தக் காலையில் ஒரு நீட்டிய கைதான் தெரிந்தது. அதற்குமேல் முகம் வரவில்லை. பெரியவன் 'தா' என்று சொல்லியிருந்தால், அவன் ஒரு சொல்லை இழந்தவன்தான். ஒன்றோ ஐந்தோ, மருத்துவர் கேட்ட கேள்வி ஒன்றுதான்.

மூன்றாம் வாரம் புதுச்சேரிக்குப் போனபோது நோட்டைக் கொடுக்கவே கூச்சமாக இருந்தது. சிவப்பு அம்புகளைப் பார்த்துவிட்டு மருத்துவர் நிமிர்ந்தார். நான் சொல்ல ஆரம்பித்தேன், கணவர் மைன்ஸ் பஸ் கதையைச் சொல்லி முடித்தார். மருத்துவர் சிரித்தார். தன் பாட்டியும் அப்படித்தான் சொல்வார் என்றார். பிறகு விரலை 'தா'வின்மேல் வைத்தார்.

"இதுக்கு அம்பு இல்லையே?"

"அது நான் எழுதினது."

"பார்த்தீங்களா?"

"தெரியலைங்க."

அந்தப் பதிலைச் சொல்லக்கூடாது என்றுதான் வழி முழுக்க நினைத்துக்கொண்டு வந்திருந்தேன். அவர் என்னைத் திட்டவில்லை. தம் தாளில் ஏதோ எழுதினார். பெரியவனை நெடுநேரம் விளையாட விட்டுப் பார்த்தார். பந்தைக் கேட்டார், கொடுத்தான். பொம்மையின் கண் எங்கே என்றார், தொட்டான். ஒளிந்துகொண்டார், தேடினான். "எல்லாம் புரியுது. கண்ணைப் பார்க்கிறான். எனக்கு இப்போ பெரிய பயம் இல்லை. ஆனா ஒண்ணுமில்லைன்னு முடிச்சிடவும் மாட்டேன். பேச்சுப் பயிற்சிக்கு அனுப்புறேன். மூணு மாசம் கழிச்சு வாங்க. ஒரு சொல் வந்தா, அது நிக்குதா, அடுத்தது சேருதான்னு பாருங்க. நீங்களே காதால கேட்டு, கண்ணால பார்த்ததை மட்டும் எழுதுங்க" என்றார்.

வாரம் ஒரு நாள் கடலூருக்குப் போனோம். கண்ணாடி முன்னால் உட்காரவைத்து ஊதச் சொன்னார்கள், நாக்கை நீட்டச் சொன்னார்கள். வீட்டிலும் செய்யச் சொன்னார்கள். நான் தினமும் காலையில் இருபது நிமிடம், மாலையில் இருபது நிமிடம் செய்தேன். சின்னவன் எல்லாவற்றையும் அழகாகச் செய்தான். பெரியவன் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

மார்கழி பிறந்த வாரத்தில் ஒரு நாள் காலை. கணவர் நைட் ஷிப்ட் முடிந்து வந்து, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு காலுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். நான் பெரியவனுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாவது இட்லியின் இரண்டாவது வாய். அவன் என் கையைத் தள்ளி, "வேணாம்" என்றான்.

நான் சின்னவனைத் தேடினேன். அவன் கட்டிலுக்கு அடியில் பந்து எடுத்துக்கொண்டிருந்தான்.

"ஏங்க, கேட்டீங்களா?"

"என்னது?"

"வேணாம்னு சொன்னான்."

"அவன்தான் தினம் சொல்றானே."

"சின்னவன் இல்லைங்க. பெரியவன்!"

கணவர் ஒரு காலில் உறையோடு திரும்பினார். இரண்டு பேரும் பெரியவனைப் பார்த்தோம். அவன் தரையில் இருந்த இட்லித் துணுக்கை எறும்பின் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தான். பிடரியைத் திருப்பிப் பார்த்தேன். மச்சம் இல்லை. கணவருக்குக் கோபமே வந்துவிட்டது. "எதிர்ல உக்காந்திருக்கான், அவனுக்குத்தான் ஊட்டிட்டிருக்கே, இன்னும் பிடரியைப் பார்க்கறியே?" என்றார். நோட்டில் எழுதினேன். எதிரில் புதிதாகப் போட்டிருந்த கட்டத்தில் என் கையெழுத்தை வைத்தேன்.

அதோடு நின்றது. மறுநாள் அவன் பேசவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. அதுவரை நான் பயந்ததெல்லாம் ஒன்றுமில்லை என்று அப்போது தெரிந்தது. போய்விட்டதோ என்று மூன்று வாரம் தவித்த ஐந்து சொற்களில் நான்கு அவனுடையவையே அல்ல, ஐந்தாவது யாருடையது என்று தெரியாது. இப்போதுதான் அவனிடம் போவதற்கு என்று நிச்சயமாக ஒரு சொல் இருந்தது. அது நிற்குமா என்று மருத்துவர் கேட்டது காதிலேயே இருந்தது. வேண்டாததைக் கொடுத்தால் சொல்வான் என்று, அவனுக்குப் பிடிக்காததையெல்லாம் கொடுக்க ஆரம்பித்தேன். கசாயம் கொடுத்தேன், துப்பினான். ஸ்வெட்டரை மாட்டினேன், தலையை மட்டும் ஆட்டினான். பாகற்காய்ப் பொரியலை நீட்டினேன், வாங்கித் தின்றுவிட்டு இன்னும் கேட்டுக் கையை நீட்டினான். "பாவி, அதைக்கூடவா தின்னுவே?" என்றேன். சின்னவன், "எனக்கு வேணாம், எனக்கு வேணாம்" என்று வீடு முழுக்கக் கத்திக்கொண்டு ஓடினான்.

"விட்டுடு. நீ துரத்தத் துரத்த அவன் உள்ள போயிடுவான்" என்றார் கணவர். விட்டுவிட்டேன் என்று சொன்னேன். விடவில்லை. ஆபீஸிலிருந்து மதியம் காப்பகத்துக்கு போன் செய்து, அவன் ஏதாவது சொன்னானா என்று கேட்டேன். கேட்டுவிட்டு, சொன்னதாகச் சொன்னாலும் எழுதக்கூடாதே என்று நினைத்துக்கொண்டேன். பதினொரு நாள் அந்தக் கட்டம் காலியாகப் போனது.

பன்னிரண்டாம் நாள் ஞாயிறு. பிள்ளைகளுக்கு நகம் வெட்டினேன். எதையும் எதிர்பார்த்துச் செய்யவில்லை, நகம் வளர்ந்திருந்தது. சின்னவனுக்கு முடிந்தது. பெரியவனை மடியில் வைத்து, இடது கை முடிந்து, வலது கையில் மூன்று விரல் ஆகியிருந்தது. நான்காவது விரலைப் பிடித்தபோது இழுத்துக்கொண்டான். திரும்பி என் முகத்தைப் பார்த்தான்.

"வேணாம்மா" என்றான்.

நகவெட்டியைக் கீழே வைத்துவிட்டேன். மற்ற இரண்டு விரல்களையும் அன்று வெட்டவில்லை.

எழுத உட்கார்ந்தபோதுதான் தடுமாறினேன். அது ஒரு சொல்லா, இரண்டு சொல்லா? 'வேணாம்மா' என்று சேர்த்து எழுதினால், பழைய சொல்லின் வால் நீண்டிருக்கிறது, அவ்வளவுதான். சின்னவன் நாள் முழுக்க அப்படிக் கத்துவதைக் கேட்டு அப்படியே ஒப்பித்திருக்கலாம். 'வேணாம்', 'அம்மா' என்று பிரித்து எழுதினால், அவன் என்னைக் கூப்பிட்டிருக்கிறான். மூன்று விதமாக எழுதி மூன்றையும் அடித்தேன். நோட்டில் அவ்வளவு அசிங்கமான பக்கம் வேறு இல்லை.

மூன்று மாதம் முடிந்து புதுச்சேரிக்குப் போனபோது மருத்துவர் முதலில் கேட்டது அதைத்தான்.

"எத்தனை வார்த்தை?"

"ஒண்ணரைன்னு போட்டுக்கங்க சார்" என்றார் கணவர். "வேணாம் ஒண்ணு, அதுக்குப் பின்னாடி ஒரு 'மா'. அதை எதுல சேர்க்கறதுன்னு வீட்ல ஒரு வாரமா பஞ்சாயத்து."

மருத்துவர் என்னைப் பார்த்தார். "நீங்க கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"பார்த்தீங்களா?"

"என்னைத் திரும்பிப் பார்த்துட்டுத்தான் சொன்னான்" என்றேன். "ரெண்டு."

அவர் தாளில் இரண்டு என்று எழுதினார்.